இடிக்கத் தெரியாதவர்

தொட்டிலைத் தள்ளுவதற்கு முன்னால் அதை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். நான்கு சக்கரங்களையும் கால் கட்டைவிரலால் ஒவ்வொரு தட்டு. மெத்தை ஓரத்தை அழுத்தி ஒரு பார்வை. பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, நெற்றிக்குச் சற்று மேலே, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தை ஒரு நொடி பார்க்கிறார். "போலாம் ரைட்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்ட பிறகுதான் தொட்டில் நகர்கிறது. அறையிலிருந்து கூடத்துக்குப் பதினாறு அடி. அதற்குத்தான் இத்தனையும்.

தொட்டிலில் போகிறவளுக்கு நாலு மாதம். பேத்தி. அவளுக்கு விக்கல் வந்தால், "இன்ஜின் மிஸ் ஆகுது, கொஞ்சம் தட்டிக் குடு" என்பார். பால் குடித்துவிட்டுக் காற்று விட்டால், "சைலன்சர் நல்லா இருக்கு" என்பார். அழுதால் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். ஹாரன் கேட்டவுடன் வழி விடுகிற பழக்கம். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்.

இருபத்தொன்பது வருஷம் பேருந்து ஓட்டியவர். வலது காலின் செருப்பு இடது காலின் செருப்பைவிடச் சீக்கிரம் தேயும். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆன பின்பும் அப்படித்தான் தேய்கிறது. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூடப் பாதம் எதையோ மிதித்துக்கொண்டே இருக்கும். அவர் மேலே பார்க்கும் அந்தக் காலி இடத்தில் முன்பு ஒரு நீளக் கண்ணாடி இருந்தது. அதில் வண்டிக்குள் இருப்பவர்கள் எல்லோரும் தெரிவார்கள். படியில் ஏறுகிறவர், தூங்கி விழுகிறவர், இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு கம்பியைப் பிடிக்கக் கை இல்லாமல் தவிக்கிறவர், எல்லோரும். அவர்களைப் பார்க்காமல் அவர் ஒரு தடவைகூட பிரேக் போட்டதில்லை, ஒரு தடவைகூட ஸ்டியரிங்கைத் திருப்பியதில்லை. பணிமனையில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பேர். சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது.

இருபத்தொன்பது வருஷத்தில் அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பணிமனையில் நிறுத்தியிருந்தபோது வேறொருவர் பின்னால் வந்து உரசியது ஒன்று உண்டு. அதை அவர் தன் பேரில் சேர்த்துக்கொள்ள மாட்டார். ஆனால் பேச்சு அந்தப் பக்கம் போனால் எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வருவார். குழாய் திறந்திருக்காது.

இவரைத்தான் மகள் இடிக்கிற வேலைக்குக் கூப்பிட்டாள்.

மகளின் வேலை பற்றி அவருக்குத் தெரிந்ததை அவரே நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி ஒரு பக்குவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் எடுத்த எடுப்பில் நிஜ விமானத்தில் ஏற முடியாது. முதலில் ஒரு அறையில், திரைக்கு முன்னால் உட்கார்ந்து, சிமுலேட்டரில் ஓட்டிப் பழக வேண்டும். ஒவ்வொரு பயிற்சிப் பள்ளியும் தன்னிடம் இருக்கிற அதே விமானம், அதை நிறுத்துகிற அதே கொட்டகை, அதே தண்ணீர்த் தொட்டி எல்லாம் திரையில் வேண்டும் என்று கேட்கும். மகள் வேலை பார்க்கும் நிறுவனம் அவற்றைச் செய்து கொடுக்கிறது. விமானத்தின் உருவத்தை வேறு யாரோ வரைகிறார்கள். எதன்மேல் பட்டால் அது இடிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவள் மகள்.

திரையில் தெரியும் விமானம் வெறும் படம். அதற்கு உடம்பு கிடையாது. சுவருக்குள் விட்டால் புகைக்குள் போவதுபோலப் போய்விடும். அதனால் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளை அதன்மேல் கோத்து வைக்க வேண்டும். மூக்கில் ஒன்று, வயிற்றில் இரண்டு, சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று, வாலில் மூன்று, இறக்கைக்கு நாலு நாலாக எட்டு. மொத்தம் பதினேழு. அந்த உருண்டை எதன்மேல் பட்டாலும் விமானம் உடையும்; சக்கர உருண்டை மட்டும் தரையில் வேகமாக மோதினால்தான் உடையும். ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது என்று எண்ணில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் மோதல் அளவு என்று பேர். உருண்டை பெரிதாகிவிட்டால், சுவர் இன்னும் ஒரு முழம் தள்ளி இருக்கும்போதே விமானம் நொறுங்கிவிடும். சிறிதாகிவிட்டால், இறக்கை சுவருக்குள் போய்விட்டு வெளியே வந்துவிடும்.

இதை மகள் முதல் முறை விளக்கியபோது அவர் சட்டென்று புரிந்துகொண்டார். அவருக்கு வண்டியின் அகலம் எண்ணில் தெரியாது. தோளில் தெரியும். சந்துக்குள் திரும்பும்போது பின்பக்கத்து மூலை எங்கே வருகிறது என்று முதுகுத்தண்டுக்குத் தெரியும். "அதாவது வண்டிக்கு நம்ம தோலைப் போத்தறே" என்றார். மகள் அதைக் கேட்டு, இத்தனை வருஷத்தில் அலுவலகத்தில் ஒருத்தரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை என்றாள். அவர் அன்று முழுவதும் அந்த வாக்கியத்தை மனைவியிடம் மூன்று தடவை சொல்லிக் காட்டினார். மூன்றாவது தடவை மனைவி, தோலா துணியா, ஏதோ ஒன்றைப் போர்த்திவிட்டுச் சாப்பிட வரச் சொன்னாள்.

மகளுக்கு அப்போது ஒரு சிக்கல் இருந்தது. மாப்பிள்ளை கப்பல் வேலையில் இருக்கிறார். நாலு மாதம் தண்ணீரில், இரண்டு மாதம் தரையில். மகளின் அலுவலகமோ ஐந்து மணி நேரப் பயணத்தில் இன்னொரு ஊரில். குழந்தை பிறந்த விடுப்பு முடிந்ததும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று அவள் கேட்டிருந்தாள். மேலாளர் அம்மா யோசித்துவிட்டு, ஒரு விமானத்தை வீட்டிலிருந்து செய்து காட்டு, பயிற்சிப் பள்ளியிலிருந்து புகார் வராமல் இருந்தால் ஒரு வருஷத்துக்கு அங்கேயே இருந்துகொள், புகார் வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்துவிடு, பக்கத்திலேயே காப்பகம் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்.

இதை மகள் மாப்பிள்ளையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கதவுக்கு வெளியே காபி டம்ளரோடு நின்று கேட்டார். உள்ளே போய் டம்ளரை வைத்துவிட்டு வந்தார். அன்றைக்குத் தொட்டில் சக்கரத்துக்கு மூன்றாவது முறையாக எண்ணெய் போட்டார்.

குழந்தைக்கு நாற்பத்தோரு நாள் ஆனபோது, விடுப்பு முடியும் முன்பே, அந்த விமானத்துக்கு உருண்டைகள் எல்லாம் கோத்தாகிவிட்டது. ஓட்டிப் பார்ப்பதுதான் பாக்கி. அலுவலகத்தில் என்றால் அதற்கென்று ஒரு பெண் இருப்பாள். இங்கே யார் இருக்கிறார்கள்? மகள் மேசையில் ஜாய்ஸ்டிக்கை வைத்து, அப்பாவை உட்காரவைத்து, பதினேழு வரி எழுதிய ஒரு தாளைக் கொடுத்தாள். அப்போது பார்த்துக் குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் எழுந்துகொண்டே, "ஒவ்வொண்ணையும் சுவத்துக்கிட்ட கொண்டுபோய்ப் பாருங்கப்பா. சரியா இருந்தா டிக் போடுங்க" என்றாள்.

அவர் கொண்டுபோனார். எப்படிக் கொண்டுபோனார் என்றால், இறக்கை நுனிக்கும் கொட்டகைச் சுவருக்கும் நடுவே ஒரு தீப்பெட்டிதான் நுழையும். மூக்கைத் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் கொண்டுபோய் முத்தம் கொடுப்பதுபோல நிறுத்தினார். வாலைக் கம்பத்தைச் சுற்றி வளைத்து எடுத்தார். ஜாய்ஸ்டிக்கைத் தொட்டு ஒரு மணி நேரம் ஆகாத மனிதர். பதினேழு வரிக்கும் பதினேழு டிக். கடைசி டிக்கைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டார். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டதே என்று மகளுக்கு ஆச்சரியம். ஆனால் அவள் மூன்று இரவுகளாகச் சரியாகத் தூங்கவில்லை. டிக்கைப் பார்த்தாள், அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் பயிற்சிப் பள்ளியிலிருந்து போன் வந்தது. அங்கே சொல்லிக்கொடுக்கிற பயிற்சியாளர் நல்ல மனிதர்தான், கோபப்படவில்லை. விமானத்தின் இடது இறக்கை கொட்டகைச் சுவருக்குள் பாதி வரை போய் வெளியே வருகிறது, ஒரு சத்தம்கூட இல்லை, மாணவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் சுவருக்குள் ஓட்டுகிறார்கள் என்றார். நாளை முதல் கொட்டகைக்குள் கொண்டுபோய் நிறுத்தும் பயிற்சி. இன்று நாலு மணிக்குள் சரியானது வந்துவிட்டால் தன்னோடு போய்விடும், இல்லாவிட்டால் மேலாளருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றார்.

மகள் போனை வைத்துவிட்டுத் தாளை எடுத்தாள். பதினேழு டிக்கையும் மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"அப்பா, இடிக்குதான்னு பாக்கத்தானே உங்ககிட்ட குடுத்தேன்."

"இடிக்கலையேம்மா" என்றார் அவர். "ஒரு தடவைகூட இடிக்கல."

மகளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு அந்தத் தண்ணீர் நிற்கவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலைக்கு மேலே அந்தக் காலி இடத்தைப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பிள்ளைங்க நெஜ வண்டியில எப்ப ஏறுவாங்க?" என்று கேட்டார்.

"அடுத்த வாரம்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எப்படி இடிக்கணும்னு சொல்லு."

வேலை இப்படி. அவர் ஒவ்வொரு உருண்டையாகச் சுவரில் கொண்டுபோய் மோத வேண்டும். அதுவும் அந்த உருண்டை மட்டும்தான் படவேண்டும், பக்கத்து உருண்டை படக்கூடாது. மகள் இன்னொரு கணினியில் உட்கார்ந்து, எங்கே நின்றது, எங்கே நுழைந்தது என்று பார்த்து எண்ணை மாற்றிக்கொண்டே வருவாள். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் இரண்டு நாள் ஆகும். இரண்டு பேர் செய்தால் நாலு மணிக்குள் முடிக்கலாம்.

முதலில் மூக்கு. அவர் விமானத்தை ஓடுதளத்திலிருந்து திருப்பிச் சுவரை நோக்கி ஓட்டினார். சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு வண்டி நீளம் இருக்கும்போது தலை நிமிர்ந்தது, கண் மேலே போனது, கை திருப்பிவிட்டது. விமானம் சுவரை ஒட்டி அழகாக வளைந்து புல்லில் போய் நின்றது.

மறுபடியும் ஓட்டினார். மறுபடியும் புல். மூன்றாவது தடவை கையை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை கால் மிதித்தது. மேசைக்கு அடியில் மிதிக்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் கையும் கூடவே வேகத்தைக் குறைத்துவிட்டது. விமானம் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்று உறுமியது. நாலாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினார். கண் மூடியிருந்தால் கைக்கு இன்னும் நன்றாகத் தெரியும் போலிருக்கிறது, முன்னைவிட லாகவமாகத் திருப்பியது.

சமையலறையிலிருந்து மனைவி வந்து பார்த்தாள். "இதுல என்னங்க இருக்கு, குடுங்க இப்படி" என்று உட்கார்ந்தாள். அவள் ஓட்டியதில் விமானம் சுவரில் மோதியது, தண்ணீர்த் தொட்டியில் மோதியது, கம்பத்தில் மோதியது, வானத்தில் எதிலோ மோதியது. எல்லாம் இடித்தது. எது இடித்தது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. மகள் அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டு எழுப்பினாள். போகிறபோது மனைவி, இத்தனை வருஷம் உங்களோடு குப்பை கொட்டியதற்கு எனக்கு ஒரு விமானம் உடைக்கக் கொடுப்பினை இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆக, ஒரு உருண்டையை மட்டும் சுவரில் கொண்டுபோய் வைக்கக்கூடிய கை அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அந்தக் கைக்கு இடிக்கத் தெரியவில்லை.

மணி பதினொன்றரை. மூக்கே இன்னும் முடியவில்லை. அவர் சட்டையின் முதுகு நனைந்திருந்தது. மகள் தன் கணினியை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் நெருங்கும்போது, கை திருப்புவதற்கு ஒரு நொடி முன்னால், ஒவ்வொரு முறையும் அந்தப் பார்வை மேலே போகிறது. அவள் எழுந்து வந்து அவருக்குப் பின்னால் நின்று, அவர் பார்க்கிற இடத்தைப் பார்த்தாள்.

வேறு எந்த அறையாக இருந்தாலும் அங்கே ஒன்றும் இருந்திருக்காது. இந்த அறையில் மேசைக்கு மேலே சுவரோடு ஒரு அலமாரி. கண்ணாடிக் கதவு. உள்ளே கறுப்பு அட்டை போட்ட கோப்புகளை அடுக்கியிருந்ததால் கண்ணாடியில் அறை முழுவதும் துல்லியமாகத் தெரிந்தது. அவருடைய தலை, அதற்குப் பின்னால் கதவு, கதவுக்கு இந்தப் பக்கம் தொட்டில். தொட்டிலில் இரண்டு முஷ்டிகளையும் காதோரம் வைத்துக்கொண்டு தூங்குகிறவள்.

"அப்பா, மேல எதைப் பாக்கறீங்க?"

அவர் ஜாய்ஸ்டிக்கை விட்டார். உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பின்னால ஆள் இருக்கும்மா" என்றார்.

மகள் சிரிக்கவில்லை. அது வெறும் படம், உள்ளே யாரும் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவரே எழுந்தார். தொட்டிலைச் சுற்றி வந்தார். நாலு சக்கரத்தையும் தட்டினார். அறை வாசலில் இருக்கிற சின்ன மேட்டில் முன் சக்கரங்களைத் தூக்கி, பிறகு பின் சக்கரங்களைத் தூக்கி, குழந்தையின் கண்ணிமைகூட அசையாமல் கூடத்துக்குக் கொண்டுபோய் மனைவியின் பக்கத்தில் நிறுத்தினார். தொட்டில் நகராமல் இருக்க ஒரு சக்கரத்துக்கு அண்டையில் மடித்த துண்டை வைத்தார். திரும்பி வந்து அறைக் கதவைச் சாத்தினார். சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார். உட்கார்ந்தார். மேலே பார்த்தார். கண்ணாடியில் சாத்திய கதவு மட்டும் இருந்தது. வண்டி காலி.

மூக்கு நேராகப் போய்ச் சுவரில் மோதியது.

அந்தச் சத்தத்துக்கு அவர் தோள் இரண்டும் காதுவரை ஏறின. விமானம் இரண்டாக உடைந்து திரையில் கிடந்தது. இருபத்தொன்பது வருஷமும் அந்த மூன்று வருஷமும் சேர்ந்து அவர் முகத்தில் வந்து நின்றதை மகள் பார்த்தாள். பிறகு அவர் தாளை எடுத்து, முதல் வரியில் பழைய டிக்கை அடித்துவிட்டுப் புது டிக்கைப் போட்டார். "அடுத்தது என்ன, வயிறா?" என்றார்.

அதற்குப் பிறகு நிற்கவில்லை. வயிறு இரண்டு. வால் மூன்று. வலது இறக்கை நாலு. ஏழாவது இடியில் தோள் ஏறுவது நின்றது. பத்தாவது இடிக்கு அவர் வாயிலிருந்து ஒரு சின்ன "டமால்" வந்தது. வந்தது தெரிந்ததும் இருமினார். இடது இறக்கையில் மூன்றாவது உருண்டையையும் நாலாவதையும் கொண்டுபோனபோது இறக்கை சத்தமில்லாமல் சுவருக்குள் நுழைந்தது. மகள் எண்ணைப் பார்த்தாள். வலது இறக்கையின் எண்ணை இடது இறக்கைக்கு எடுத்தெழுதும்போது தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்திருந்தது. பூசணிக்காய் அளவுக்கு இருக்க வேண்டியது எலுமிச்சை அளவுக்கு இருந்தது. புள்ளியை நகர்த்தினாள். அவர் மறுபடி கொண்டுபோனார். இறக்கை நுனி சுவரில் பட்டு முறிந்தது. இந்தத் தடவை தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், தன் தோள்தான் பட்டதுபோல.

சக்கரத்தில் மட்டும் அவருக்கும் மகளுக்கும் வாக்குவாதம் வந்தது. மெதுவாகத் தரையிறக்கினாலே விமானம் உடைந்தது. விதிப்படி அந்த வேகத்தில் உடையலாம், தாளில் அப்படித்தான் இருக்கிறது என்றாள் மகள். "உடையக்கூடாதும்மா. இதுக்கே உடைஞ்சா அந்தப் பிள்ளைங்களுக்குத் தரையைப் பாத்தாலே பயம் வந்துடும்" என்றார் அவர். விதி எழுதின ஆள் வண்டி ஓட்டியிருக்க மாட்டார் என்றும் சொன்னார். அவள் விமானத்தின் வரைபடத்தை எடுத்து மறுபடி அளந்தாள். சக்கர உருண்டை மூன்றும் சக்கரத்துக்குக் கீழே நாலு விரல் தொங்கிக்கொண்டிருந்தன. ஓட்டுகிறவருக்குத் தரை தெரியும் இடமும் விமானத்துக்குத் தரை தெரியும் இடமும் வேறு வேறாக இருந்தன. அவற்றை மேலே ஏற்றி வைத்தாள். அவர் வாக்குவாதத்தில் ஜெயித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கும் சாக்கில் கூடத்துக்குப் போய் மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

மூன்றே கால் மணிக்குப் பதினேழும் முடிந்தது. இன்னும் ஒன்று பாக்கி. இடிக்க வேண்டிய இடத்தில் இடித்தால் மட்டும் போதாது, ஒழுங்காக ஓட்டினால் எதிலும் இடிக்காமலும் இருக்க வேண்டும். தரையிறக்கி, ஓடுதளத்தில் ஓட்டிவந்து, கொட்டகைக்குள் நுழைந்து, நிறுத்த வேண்டும். ஒரே ஒரு நடை.

அவர் எழுந்தார். "இரு. இதுக்கு ஆள் ஏத்திக்கலாம்" என்றார். கதவைத் திறந்து, துண்டை எடுத்து, சக்கரத்தைத் தட்டி, தொட்டிலைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே நிறுத்தினார். குழந்தை விழித்திருந்தது. அவர் உட்கார்ந்து அலமாரிக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் இரண்டு கண்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு அவர் விமானத்தை இறக்கியது எப்படி இருந்தது என்று மகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எப்போது தரை வந்தது என்று திரையில் ஓடிய எண்ணைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரிந்ததாம்.

மூன்றே முக்காலுக்கு அனுப்பினாள். ஐந்து மணிக்குப் பயிற்சியாளர் ஒரு வரி எழுதினார்: சுவர் சுவராக இருக்கிறது, மாணவர்களுக்கு வருத்தம். மேலாளர் அம்மாவுக்கு விஷயமே போகவில்லை. அடுத்த வாரம் அவரிடமிருந்து இரண்டாவது விமானத்துக்கான வரைபடம் வந்தது. மகளின் பெரிய பெட்டி கட்டிலுக்கு அடியில் வாயைத் திறந்தபடி கிடந்தது. அதை அவர் துடைத்து, பூட்டி, பரணில் ஏற்றினார். ஏற்றும்போது எதிலும் இடிக்கவில்லை.

இப்போது மூன்றாவது விமானம் நடக்கிறது. பெரிய விமானம், அறுபது பேர் உட்காரலாம். உருண்டை நாற்பத்தொன்று. காலை பத்து மணிக்குத் தொட்டில் கூடத்துக்குப் போய்விடும், கதவு சாத்தப்படும், உள்ளே இடி ஆரம்பமாகும். கூடத்தில் மனைவி பேத்தியிடம், உன் தாத்தா இன்றைக்கு இதுவரை எட்டு உடைத்துவிட்டார் என்று எண்ணிச் சொல்லிக்கொண்டிருப்பாள். தெருவில் போகிறவர்கள் யாராவது கேட்டால், வேலைக்குப் போயிருக்கிறார் என்பாள். பழைய பணிமனை நண்பர் ஒருவர் வந்து, கண்ணாடிக்காரர் வண்டியை இடிக்கிறாரா என்று நம்பாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு இடியைக் காதால் கேட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

மூன்று மணிக்குக் கடைசி நடை. தொட்டில் உள்ளே வரும். நேற்றும் வந்தது. அவர் மேலே பார்த்தார். பேத்தி இப்போது கண்ணாடியில் அவரைத் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அறுபது பேர் விமானத்தை மேகத்திலிருந்து இறக்கி, ஓடுதளத்தில் ஓட்டி, கொட்டகை வாசலில் இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி விட்டு உள்ளே நுழைத்து, நிறுத்தினார். இன்ஜின் சத்தம் அடங்கியது. மகள், முடிந்தது அப்பா, எழுந்திருக்கலாம் என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. இடது கை ஜாய்ஸ்டிக்கை விட்டு மேசை ஓரத்துக்குப் போய், அங்கே இல்லாத கதவுப் பொத்தானை ஒருமுறை அழுத்தியது. பிறகு அவர் கண்ணாடியைப் பார்த்தபடி, எல்லோரும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தார்.